ரரோடொங்காவில் காண வேண்டிய இடங்கள்

ரரோடொங்கா தென் பசிபிக் பெருங்கடலில் உள்ள குக் தீவுகளுள் மிகப் பெரிய தீவு ஆகும். அந்நாட்டின் தலைநகரான அவருவா இத்தீவின் வடகரையில் அமைந்துள்ளது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 21 பாகையில், மகரக் கோட்டுக்குச் சற்று வடக்கே இருப்பதால் இது வெப்பமண்டலத் தீவாகும். ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட பொலினீசிய முக்கோணத்தின் உட்பகுதியில் இது உள்ளது. பரப்பளவு 67 சதுர கிலோமீட்டர். கடற்கரையை ஒட்டித் தீவைச் சுற்றிவரும் சாலையின் நீளம் 32 கிலோமீட்டர் மட்டுமே.

2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இங்கு ஏறத்தாழ 11,000 மக்கள் இருந்தனர். 2019 ஆம் ஆண்டில் குக் தீவுகளுக்கு வந்த பயணிகளோ 1,70,000 பேருக்கும் மேல். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ரரோடொங்கா வழியாகவே வந்தனர். இவ்வளவு சிறிய நிலத்தில் இவ்வளவு பேர் காண வருவது என்ன, அது கெடாமல் இருப்பது எவ்வாறு என்பன ஒன்றோடொன்று பிணைந்த செய்திகள். கீழே இடங்கள் அவருவாவில் தொடங்கி வலஞ்சுழியாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. பேருந்தில் செல்வோருக்கும் இவ்வரிசை பொருந்தும்.

நில அமைப்பும் நில உரிமையும்

ரரோடொங்கா அணைந்துபோன ஓர் எரிமலையின் உச்சிப் பகுதியாகும். கடலடியிலிருந்து அளந்தால் இம்மலை ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரமுடையது. நீருக்கு மேல் தெரிவது அதில் ஒரு சிறு பங்கே. மிக உயர்ந்த சிகரமான தே மங்கா சுமார் 650 மீட்டர் உயரமுள்ளது. நடுவில் காடடர்ந்த செங்குத்து மலைகள், அவற்றைச் சுற்றி வளமான தாழ்நிலம், அதற்கப்பால் வெண்மணற் கரை, ஆழம் குறைந்த கடற்கழி, கடைசியாகப் பவளத் திட்டு என்பதே தீவின் அமைப்பு. திட்டின் வெளி விளிம்பில் அலைகள் உடையும் ஓசை தீவின் எப்பகுதியிலிருந்தும் கேட்கும்.

பழைய நிலப் பிரிவுகள் இவ்வமைப்பை அப்படியே பின்பற்றின. ஒவ்வொரு குலத்துக்கும் உரிய நிலம் 'தாப்பேரே' எனப்படும். இது மலை முகட்டில் குறுகித் தொடங்கி, ஓர் ஓடையின் வழியே விரிந்து, பவளத் திட்டு வரை நீளும். காட்டு மரம், சேம்பு வயல், தென்னை, மீன் ஆகிய அனைத்தும் ஒரே குலத்தின் எல்லைக்குள் கிடைக்குமாறு இப்பிரிவு அமைந்தது. இன்றும் இங்கு நிலத்தை விற்கவோ வாங்கவோ சட்டம் இடந்தருவதில்லை. அதிக அளவாக 60 ஆண்டுகளுக்குக் குத்தகை மட்டுமே பெறலாம். வீட்டு முற்றங்களில் வெள்ளையடித்த கல்லறைகள் இருப்பதைப் பயணிகள் வியப்புடன் நோக்குவர். தம் மண்ணிலேயே முன்னோரைப் புதைப்பது அம்மண்ணின் மீதுள்ள உறவைக் காட்டும் செயலாகும். எனவே அருவி, பழங்கோயில், கடற்கரை என எதைக் காணச் சென்றாலும் அதற்கு ஒரு குடும்பம் உரிமையுடையது என்பதைப் பயணிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

வரலாற்றுச் சுருக்கம்

வாய்மொழி மரபின்படி தஹீட்டியிலிருந்து வந்த தங்கியியா, சமோவாவிலிருந்து வந்த கரிக்கா ஆகிய இரு தலைவர்கள் 13 ஆம் நூற்றாண்டளவில் இத்தீவில் குடியேறினர். அவர்களுக்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்துள்ளனர். நாட்டுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் குக் ரரோடொங்காவைக் கண்டதே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1823 இல் இலண்டன் மறைபரப்புக் கழகத்தைச் சேர்ந்த ஜான் வில்லியம்ஸ் இங்கு வந்தார். அவர் விட்டுச் சென்ற பப்பேயிகா என்னும் பொலினீசிய போதகரே மக்களைக் கிறித்தவத்திற்கு மாற்றியவர். 1888 இல் தீவு பிரித்தானியக் காப்பகமாயிற்று. 1901 இல் நியூசிலாந்துடன் இணைக்கப்பட்டது. 1965 ஆகத்து 4 அன்று குக் தீவுகள் தன்னாட்சி பெற்றன. ஆயினும் மக்கள் நியூசிலாந்துக் குடியுரிமை உடையவர்களாகவே உள்ளனர். 2018 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் வாழ்ந்த குக் தீவு வழியினர் 80,000 பேருக்கும் மேல் இருந்தனர்.

அவருவா

அவருவா ஒரு தலைநகரம் என்பதைவிட ஒரு பெரிய ஊர் எனலாம். ஒரு மணி நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம். 1853 இல் கட்டப்பட்ட வெள்ளை நிறத் தேவாலயம் இங்கு முதன்மையானது. பவளக் கல்லாலும், பவளத்தைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பாலும் இது எழுப்பப்பட்டது. இதன் கல்லறைத் தோட்டத்தில் நாட்டின் முதல் தலைமை அமைச்சரான ஆல்பர்ட் ஹென்றியின் மார்பளவுச் சிலை உள்ளது. அதற்கு மூக்குக் கண்ணாடி அணிவிக்கப்பட்டிருக்கும். 1978 ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக நியூசிலாந்திலிருந்து வாக்காளர்களை வானூர்தியில் அழைத்துவர அரசுப் பணம் பயன்படுத்தப்பட்டது வெளிப்பட்டதால் அவர் பதவியிழந்தார். ஆயினும் அவரது கல்லறைக்கு மலர்மாலை சூட்டும் வழக்கம் மறையவில்லை. சாலையின் மறுபுறத்தில் மக்கேயா குலத் தலைவியரின் மாளிகையான பாரா ஓ தானே உள்ளது. பிரித்தானியக் காப்பகமாவதற்கான உடன்பாட்டுடன் தொடர்புடைய இடம் இதுவே.

துறைமுகத்துக்கு எதிரே, பவளத் திட்டின்மீது துருவேறிய இரும்புத் துண்டு ஒன்று நீருக்கு மேல் தெரியும். 1916 திசம்பரில் இங்குத் தரைதட்டிய மைத்தாய் என்னும் நீராவிக் கப்பலின் இயந்திரப் பகுதி அது. கப்பல் உடைந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் அலைகளால் அதை அகற்ற முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் புனாங்கா நுயி சந்தை கூடுகிறது. நாட்டு மக்களும் பயணிகளும் ஒருசேரக் கூடும் இடம் இதுவாகும். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பிலை, எலுமிச்சைச் சாறும் தேங்காய்ப்பாலும் கலந்த பச்சை மீன், தலையில் சூடும் மலர் வளையங்கள், மனிகிக்கித் தீவின் கருமுத்துகள் ஆகியன விற்கப்படும். 'திவாய்வாய்' எனப்படும் கைத்தையல் போர்வைகளையும் இங்குக் காணலாம். பெண்கள் பலர் கூடியமர்ந்து பல மாதங்கள் தைக்கும் இப்போர்வைகள் பெரும்பாலும் விற்பனைக்காகச் செய்யப்படுபவை அல்ல. திருமணம், இறப்பு போன்ற நிகழ்வுகளில் வழங்கப்படுபவை. ஆதலால் விலை மிகுதி என்று கருதுவது பொருந்தாது. முக்கோண வடிவிலான 2 டாலர் நாணயத்தையும் 3 டாலர் தாளையும் நினைவுப் பொருளாகக் கொண்டு செல்வோர் பலர்.

ஆரா மெத்துவாவும் அராய் தே தொங்காவும்

கடற்கரைச் சாலைக்கு இணையாக, சற்று உள்ளே மற்றொரு சாலை தீவின் பெரும்பகுதியைச் சுற்றி வருகிறது. இதன் பெயர் ஆரா மெத்துவா. பவளக் கற்களாலும் எரிமலைக் கற்களாலும் தளமிடப்பட்ட இப்பாதை ஏறத்தாழ 1,000 ஆண்டுகள் பழமையானது எனக் கருதப்படுகிறது. மரபு இதனைத் தோயி என்னும் தலைவரோடு தொடர்புபடுத்துகிறது. இன்று பெரும்பகுதி தார்ச்சாலையாகிவிட்டமையால் பழைய கற்றளத்தை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். எனினும் சேம்பு வயல்களையும் பப்பாளித் தோட்டங்களையும் வெண்நுணா மரங்களையும் கடற்கரை விடுதிகளின் இடையூறின்றிக் காண இதுவே ஏற்ற வழி. மிதிவண்டி போதும்.

அவருவாவுக்குக் கிழக்கே இச்சாலையோரத்தில் அராய் தே தொங்கா என்னும் பழைமையான இடம் உள்ளது. அரிக்கி எனப்படும் குலத் தலைவர்களுக்குப் பட்டம் சூட்டிய இடம் இதுவாகும். செங்குத்தாக நடப்பட்ட எரிமலைக் கல் ஒன்றும், கற்களால் வரம்பிட்ட மேடைகளும் எஞ்சியுள்ளன. பார்வைக்கு எளிமையான இடமே. ஆயினும் கற்களின் மீது ஏறுவதும் மேடைக்குள் நடப்பதும் தவறாகக் கருதப்படும்.

அவானா துறை

தீவின் கிழக்குக் கரையில் ஙாத்தாங்கியியா என்னும் ஊரில் அவானா கால்வாய் பவளத் திட்டைப் பிளந்து கடலுக்கு வழி தருகிறது. நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய முன்னோர்கள் ஏறிச் சென்ற படகுகள் இங்கிருந்து புறப்பட்டதாக மரபு கூறுகிறது. தக்கிதுமு, தொக்கோமாரு, குராகவுப்போ, ஆஒத்தேயா, தைனுயி, தே ஆராவா, மாத்தாத்துவா ஆகிய ஏழு படகுகளின் நினைவாக இங்குக் கற்கள் வட்டமாக நடப்பட்டுள்ளன.

இப்பயணம் 1350 ஆம் ஆண்டளவில் ஒரே அணியாக நடந்தது என்று முன்பு பாடநூல்களில் எழுதப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் இதனை ஏற்பதில்லை. நியூசிலாந்தில் குடியேற்றம் 13 ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டதென்றும், படகுகள் வெவ்வேறு காலங்களில் சென்றிருக்க வேண்டும் என்றும் அவர்கள் கருதுகின்றனர். ஆனால் ரரோடொங்கா மொழிக்கும் மாவோரி மொழிக்கும் உள்ள நெருக்கம் உறவை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. 1992 இல் பசிபிக் கலை விழா இத்தீவில் நடைபெற்றபோது பல தீவுகளிலிருந்து மரபு முறைப் பாய்மரப் படகுகள் கடல் கடந்து வந்து சேர்ந்தன. விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் கொண்டு வழி அறியும் கலை பசிபிக்கில் மீண்டும் உயிர்பெற்றதில் அவ்விழாவுக்குப் பங்குண்டு. இன்று துறையில் காண்பதற்கு அதிகம் இல்லை: கற்கள், புல்வெளி, சில மீன்பிடி படகுகள். வரலாறு அறிந்து செல்வோருக்கே இவ்விடம் பொருள் தரும்.

முரி கடற்கழி

அவானாவுக்குத் தெற்கே உள்ள முரி கடற்கழியே ரரோடொங்காவில் பயணிகள் மிகுதியாகக் கூடும் இடமாகும். மோத்து தாப்பு, ஒனெரோவா, கொரொமிரி, தாஅக்கொக்கா என நான்கு சிறு தீவுகள் இதில் உள்ளன. முதல் மூன்றும் மணலாலும் பவளத்தாலும் ஆனவை. தாஅக்கொக்கா எரிமலைப் பாறையாலானது. நீர் பெரும்பாலும் இடுப்பளவே இருப்பதால் கரையிலிருந்து இத்தீவுகளுக்கு நடந்தும் செல்லலாம். பாசி படிந்த பவளமும் கல்மீன்களும் காலைக் காயப்படுத்தும் என்பதால் நீரில் காலணி அணிவது இன்றியமையாதது.

2010களின் நடுப்பகுதியில் முரியின் தெளிந்த நீரில் பாசி அடர்ந்து பரவியது. கரையோரம் பெருகிய விடுதிகளிலும் வீடுகளிலும் கழிவுநீர் மலத் தொட்டிகளுக்கே செல்கிறது. அவற்றிலிருந்து கசியும் ஊட்டப் பொருள்கள் நிலத்தடி நீர் வழியாகவும் ஓடைகள் வழியாகவும் கடற்கழியை அடைகின்றன. ஆழமற்ற, மெதுவாக நீர் மாறும் கடற்கழியில் அது பாசிக்கு உணவாகிறது. இதற்குத் தீர்வு காண 'மெய் தே வாய் கி தே வாய்' என்னும் திட்டத்தை அரசு தொடங்கியது. கழிவுநீரைச் சுத்திகரித்து எங்கே விடுவது என்பதில் தீவு மக்களிடையே கடும் வாதம் எழுந்தது. பவளத் திட்டுக்கு வெளியே குழாய் வழி விடுவதைப் பலர் எதிர்த்தனர். பயணிகள் எதைக் காண வருகிறார்களோ அதையே அவர்களுடைய வரவு கெடுக்கக்கூடும் என்பதற்கு முரியைவிடத் தெளிவான சான்று இத்தீவில் இல்லை.

பழைய முறை ஒன்றும் இதனோடு சேர்த்துக் கூறத்தக்கது. கடலின் ஒரு பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்கு மீன், சிப்பி முதலியவற்றை எடுக்கக் கூடாதென்று குலத் தலைவர்கள் விதிக்கும் தடைக்கு 'ராஉயி' என்று பெயர். வழக்கொழிந்திருந்த இம்முறை 1998 இல் ரரோடொங்காவில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இத்தடை சட்டத்தின் வலிமையைவிட ஊராரின் மதிப்பையே பெரிதும் நம்பியிருக்கிறது. தென்மேற்கே ஆரோவாப் பகுதியிலும் தென்கிழக்கே தித்திக்காவேக்காவிலும் மூச்சுக்குழல் அணிந்து நீந்துவோர் பலவகை மீன்களைக் காண்பதற்கு இம்முறையும் ஒரு காரணம் எனலாம்.

தித்திக்காவேக்காவும் கடல் நீரோட்டங்களும்

தித்திக்காவேக்காவில் 1841 இல் கட்டப்பட்ட தேவாலயம் உள்ளது. திட்டிலிருந்து கையால் வெட்டியெடுத்த பவளக் கற்களைக் கொண்டு இது கட்டப்பட்டது. ஊர் அமைதியானது. கடற்கரை அழகில் முரிக்குச் சற்றும் குறைந்ததன்று.

தென்கரையில் நீந்துவோர் ஓர் எச்சரிக்கையை அறிந்திருக்க வேண்டும். அலைகள் பவளத் திட்டைத் தாண்டிக் கடற்கழிக்குள் கொட்டும் நீர் அனைத்தும் மீண்டும் கடலுக்குச் செல்ல, திட்டிலுள்ள சில இடைவெளிகளே வழி. அவாஅவாரோவா, பாப்புவா போன்ற இவ்விடைவெளிகளில் நீரோட்டம் ஆற்றைப் போல் விரையும். பேரலைகள் எழும் நாளில் தேர்ந்த நீச்சல்காரரையும் அது வெளிக்கடலுக்கு இழுத்துச் சென்றுவிடும். உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. அவாஅவாரோவாவில் பச்சை ஆமைகளைக் காண வழிகாட்டிகளுடன் செல்லும் வழக்கம் உண்டு. தனியே செல்வது அறிவுடைமையன்று.

தக்கிதுமு காப்பகமும் காக்கேரோரிப் பறவையும்

தென்கிழக்கு மலைச்சரிவில் 155 எக்டேர் பரப்புள்ள தக்கிதுமு காப்பகம் அமைந்துள்ளது. உலகில் ரரோடொங்காவில் மட்டுமே இயற்கையாக வாழ்ந்த காக்கேரோரி என்னும் ஈப்பிடிப்பான் வகைச் சிறு பறவையின் புகலிடம் இது. 20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இப்பறவை அழிந்துவிட்டதாகவே நம்பப்பட்டது. 1970களில் சில பறவைகள் மீண்டும் காணப்பட்டன. 1989 இல் எஞ்சியிருந்தவை 29 மட்டுமே. கப்பல்களின் வழியே வந்து சேர்ந்த கருப்பு எலிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றதே வீழ்ச்சிக்கு முதற் காரணம் என்று கண்டறியப்பட்டது.

இதன் பின்னர் இனப்பெருக்கக் காலத்துக்கு முன் காடெங்கும் எலி நஞ்சு வைக்கும் பணி ஆண்டுதோறும் மேற்கொள்ளப்பட்டது. கூடுள்ள மரங்களின் அடிப்பகுதியில் எலிகள் ஏறாதபடி தகடுகள் சுற்றப்பட்டன. 1996 இல் நிலத்துக்கு உரிய மூன்று குலங்களான கைனுக்கு, கரிக்கா, மனாவாரோவா ஆகியோர் தாமே காப்பகத்தின் பொறுப்பை ஏற்றனர். அக்காட்டை வேறு வகையில் பயன்படுத்தி வருவாய் தேடும் உரிமை அவர்களுக்கு இருந்தது என்பதை எண்ணினால் இம்முடிவின் அருமை விளங்கும். பறவைகளின் எண்ணிக்கை பின்னர் சில நூறாக உயர்ந்தது. ஒரே தீவில் இருந்தால் ஒரு பெரும்புயலே இனத்தை அழித்துவிடக்கூடும் என்பதால் 2001 முதல் 2003 வரை 30 பறவைகள் அதியு என்னும் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கும் அவை பெருகியுள்ளன.

காக்கேரோரியின் நிறம் அகவையைக் காட்டும். இளம் பறவை செம்மஞ்சள் நிறமுடையது. நான்கு ஆண்டுகள் ஆனதும் சாம்பல் நிறமடைகிறது. வழிகாட்டியுடன் காட்டுக்குள் நடந்து சென்று இவற்றைக் காணலாம். இப்பறவை மனிதரைக் கண்டு பெரிதும் அஞ்சுவதில்லை.

பாப்புவா அருவியும் வைமாங்காவும்

தென்கரையில் வைமாங்காவிலிருந்து உள்ளே செல்லும் சாலையின் முடிவில் தீவின் ஒரே பெரிய அருவி உள்ளது. பாப்புவா அருவி, விக்மோர் அருவி என இரு பெயர்களும் வழங்குகின்றன. மழைக்காலத்தில் குளிப்பதற்கு ஏற்ற குளிர்ந்த சுனையாகவும், வறண்ட மாதங்களில் பாறையில் வழியும் மெல்லிய நீராகவும் இது இருக்கும். கொசுத் தொல்லை உண்டு.

இதே பகுதியில்தான் செரட்டன் விடுதியின் கட்டுமானம் 1990 அளவில் இத்தாலியக் கடனுதவியுடன் தொடங்கி, பெரும்பகுதி முடிந்த நிலையில் 1993 இல் நின்றுபோனது. அரசு பொறுப்பேற்றிருந்த கடன் நாட்டின் தலையில் விழுந்தது. 1996 இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியில் அரசுப் பணியாளர்கள் பெருமளவில் வேலையிழந்தனர். குடும்பம் குடும்பமாக மக்கள் நியூசிலாந்துக்கும் ஆத்திரேலியாவுக்கும் சென்றனர். அந்நிலத்தின்மீது 1911 இல் நிகழ்ந்த ஒரு கொலையின் காரணமாகச் சாபம் உள்ளது என்பது உள்ளூர் நம்பிக்கை. கூரையற்ற கட்டடங்களைக் கொடிகள் மூடிப் பல பத்தாண்டுகள் நின்ற அக்காட்சி எந்த வழிகாட்டி நூலிலும் முதலிடம் பெறாது. ஆயினும் தீவின் அண்மைக்கால வரலாற்றை அறிய விரும்புவோர் அறியவேண்டிய இடம் அது.

தே ருவா மங்காவும் குறுக்குப் பாதையும்

வடக்கே அவாதியு பள்ளத்தாக்கிலிருந்து மலையைக் கடந்து பாப்புவா அருவி வரை ஒரு நடைபாதை உள்ளது. கடக்க மூன்று அல்லது நான்கு மணி நேரம் ஆகும். நடுவில் 413 மீட்டர் உயரத்தில் ஊசி போன்று நிற்கும் தே ருவா மங்கா என்னும் பாறையே இதன் சிறப்பு. பாறையின் அடி வரை செல்வதே போதுமானது. உச்சிக்கு ஏறுவது ஆபத்தானது. பாதை பெரும்பாலும் மரவேர்களின் மீது செல்கிறது. மழை பெய்த மறுநாள் சேறும் வழுக்கலும் மிகுதி. வடக்கிலிருந்து தெற்காகச் செல்வதே எளிது, இறுதியில் அருவியில் குளிக்கவும் வாய்க்கும்.

ஆரோரங்கியும் கரும்பாறையும்

மேற்குக் கரையிலுள்ள ஆரோரங்கி, கிறித்தவ மறைபரப்பாளர்கள் முன்மாதிரி ஊராக அமைத்தது. 1849 இல் கட்டப்பட்ட இதன் தேவாலயத்தில் பப்பேயிகாவின் கல்லறை உள்ளது. கதிரவன் மறைவதைக் காண இக்கரையே உகந்தது. சூலை முதல் அக்தோபர் வரை கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் பவளத் திட்டுக்கு வெளியே மிக அருகில் வரும். கரையிலிருந்தே அவற்றைக் காணலாம். குக் தீவுகளின் கடற்பரப்பு 2001 இல் திமிங்கிலக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

வானூர்தி நிலையத்துக்கு மேற்கே கடலோரத்தில் துவோரோ என்னும் கரும்பாறை உள்ளது. இறந்தோரின் ஆவிகள் முன்னோர் நாடாகிய அவாயிக்கிக்கு இங்கிருந்தே புறப்படும் என்பது பழைய நம்பிக்கை. மாலையில் சிறுவர்கள் இப்பாறையிலிருந்து கடலில் குதித்து விளையாடுவதைக் காணலாம்.

பயணக் குறிப்புகள்

தீவைச் சுற்றி இரண்டு பேருந்துத் தடங்களே உள்ளன. ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றொன்று இடஞ்சுழியாகவும் செல்லும். கைகாட்டினால் எங்கும் நிற்கும். ஊர்திகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. நாணயம் நியூசிலாந்து டாலர். மே முதல் அக்தோபர் வரை வெப்பம் குறைந்த, வறண்ட காலமாகும். நவம்பர் முதல் ஏப்பிரல் வரை புயற் காலம். 1987 இல் வீசிய சாலி புயல் அவருவாவைப் பெரிதும் சிதைத்தது. 2005 இல் ஐந்து புயல்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துத் தாக்கின.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அன்று காலைத் தேவாலய வழிபாட்டுக்குப் பயணிகளும் வரவேற்கப்படுவர். இசைக்கருவிகள் இன்றிப் பல குரல்களில் பாடப்படும் 'இமெனெ துக்கி' என்னும் பாடல் முறையைக் கேட்க இதுவே வாய்ப்பு. தோளும் முழங்காலும் மறையுமாறு உடுத்திச் செல்லுதல் முறை. சூலை இறுதியில் தொடங்கி ஆகத்து 4 ஐ ஒட்டி நடைபெறும் தே மாயெவா நுயி விழாவின்போது வெளித்தீவுகளின் ஆடல் பாடல் குழுக்களையும் அவருவாவில் காணலாம்.

வானூர்தி நிலையம் 1974 சனவரியில் இரண்டாம் எலிசபெத் அரசியால் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன் பெரும்பாலோர் கப்பலிலேயே வந்தனர். நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி. இடையில் பன்னாட்டு நாள்கோடு குறுக்கிடுவதால், ஆக்லாந்தில் சனிக்கிழமை காலை புறப்படுபவர் ரரோடொங்காவில் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வந்திறங்குவார். விடுதிக்கு முன்பதிவு செய்வோர் வருகை நாளைத் தவறாகக் குறிப்பது மிகச் சாதாரணமாக நிகழ்வது.